கொச்சை – ஒரு கடிதம்

ஐயா,

அமெரிக்க நடிகை சிஸ்ஸி ஸ்பேசெக் 1983இல் வெளியிட்ட கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய மரபில் வந்த இசை) ஆல்பத்தைக் கேட்டேன். கென்டக்கி மாநிலத்துக் கன்ட்ரி பாடகி லொரெட்டா லின்னாக ஒரு படத்தில் நடித்து ஆஸ்கர் வாங்கிய சூட்டோடு ஆல்பம் போட்டது புகழைக் காசாக்கத்தானே? டெக்சாஸ்காரி அந்தப் படத்தில் கென்டக்கிக் கொச்சையில் பாடியதும் வெறும் மிமிக்ரியாகத்தான் படுகிறது. கன்ட்ரி இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

காசை விடுங்கள். யார்தான் காசுக்குப் பாடவில்லை? தவிர, ஸ்பேசெக் நியூயார்க் போனதே பாடகியாகத்தான். 1968இல் 'ரெயின்போ' என்ற பெயரில் ஒரு இசைத்தட்டு வந்தது, போணியாகவில்லை. சினிமா அதற்குப் பிறகு.

கொச்சை என்று எழுதினீர்களே, அதுதான் உறுத்துகிறது. போன வாரம் என் கதையில் ஒரு கிழவி 'வெசனம்' என்றதை மெய்ப்பு பார்த்தவர் 'வருத்தம்' ஆக்கி அனுப்பியிருந்தார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் உங்கள் கடிதம்.

1984இல் திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருந்தேன். பர்மா பஜாரில் வாங்கிய கேசட் ஒன்றில் லொரெட்டாவின் 'கோல் மைனர்ஸ் டாட்டர்' (சுரங்கத் தொழிலாளியின் மகள்) பாட்டு இருந்தது. ஓரடி 'ஹார்ட்' (கடினம்) என்று முடியும், அடுத்தது 'டயர்ட்'. காகிதத்தில் எழுதிப் பார்த்தால் இயைபு இடித்தது. "படிக்காத பொம்பள, அப்படித்தான் எழுதும்" என்றான் அறைத்தோழன். நானும் தலையாட்டினேன், வெட்கக்கேடு. பென்சிலைச் செருகி நாடாவைப் பின்னுக்குச் சுற்றிச் சுற்றி நாலு தரம் கேட்ட பிறகுதான் காதில் விழுந்தது. அவர் 'டயர்ட்' என்று பாடவே இல்லை. 'டார்ட்'. அந்தச் சுரங்கத் தொழிலாளி வீட்டில் அலுப்பை அப்படித்தான் சொல்வார்கள். ஹார்ட், டார்ட். அகராதியைப் பார்த்துத் திருத்திப் பாடுங்கள், பாட்டு நொண்டும். அவர் பிறந்த இடம்கூட வரைபடத்தில் புட்சர் ஹாலோ, பாட்டில் 'ஹாலர்'.

இது ஸ்பேசெக்குக்குத் தெரிந்திருந்தது. லொரெட்டாவின் கூடவே சுற்றி, அவர் பேச்சை டேப்பில் பிடித்துப் பழகினார். பழைய பதிவுகளை ஓடவிட்டு வாயசைத்துவிட்டுப் போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவரோ தானே பாடினார். இதையா மிமிக்ரி என்கிறீர்கள்? ஒரு கல்யாண வீட்டில் நீங்கள் பார்த்த மிமிக்ரிக்காரர் எத்தனை மாதம் உழைத்தார் என்று கேட்டுப் பாருங்களேன்.

ஆல்பம்? கன்ட்ரி பாடகர் ராட்னி க்ரோவெல் தயாரித்தது. குரல் கொஞ்சம் சன்னம், சில பாட்டுகள் என்னிடம் ஒட்டவில்லை. ஆனால் கென்டக்கியை இறக்கி வைத்துவிட்டு, டெக்சாஸ் குவிட்மனில் பிறந்த தன் நாக்கோடு பாடுகிறார் என்று என் காது சொல்கிறது. பிடித்திருந்தது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். 1970இல் வெளிவந்த லொரெட்டாவின் அந்தப் பாட்டிலிருந்து. அந்த 'டார்ட்' வந்ததும் நிறுத்தி, நீங்களும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தம்பி. வீட்டில் யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

வெசனத்தைத் திரும்பப் போட்டு நேற்றே அனுப்பிவிட்டேன்.