சோலாருக்கு முன்னால் சாப்பாட்டுப் பந்தியைப் பாருங்கள்

கேள்வி: பாலக்கோடு பக்கம் சிறிய அறக்கட்டளை நடத்துகிறோம். சொந்தக் கட்டடத்தில் மாலை நேர இலவச டியூஷன், மாதம் ஒருமுறை முந்நூறு பேருக்கு அன்னதானம், வருஷத்துக்கு ஒருமுறை மரக்கன்று நடுதல். சுற்றுச்சூழலுக்கு உகந்த அமைப்பாக மாற ஆசை. சோலார் போடச் சொல்கிறார்கள். கையிருப்பு குறைவு. எதில் தொடங்கலாம்?

பதில்: சோலார் இப்போதைக்கு வேண்டாம். மாலையில் இரண்டு மணி நேரம் விளக்கும் ஃபேனும் ஓடும் கட்டடத்தில் மிச்சம் பிடிக்கப் பெரிதாக மின்சாரம் இல்லை. பிரதமரின் சூரிய வீடு திட்ட மானியமும் வீடுகளுக்கானது. பழைய ஃபேன் பழுதானால் குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் மாட்டுங்கள். 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட்தான் இழுக்கும். மின்சாரத்துக்கு இது போதும்.

உங்களிடம் குப்பை கிளம்பும் இடம் பந்திதான். முந்நூறு பேர் சாப்பிட்டால் முந்நூறு தட்டு, முந்நூறு கப், அதற்கு மேல் தண்ணீர் பாட்டில். பேப்பர் தட்டு, பேப்பர் கப் என்று நம்பி வாங்குகிறோம். உள்ளே பளபளப்பது பிளாஸ்டிக் பூச்சு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையான பொருள்களில் இவையும் உண்டு. மாணவர்களுக்கு நோட்டுப் புத்தகம் போட்டுக் கொடுக்கிறோமே, துணி மாதிரி இருக்கும் நான்-ஓவன் பை, அதுவும் பிளாஸ்டிக் இழைதான், அதுவும் 2019 பட்டியலில் சேர்க்கப்பட்டது. நல்ல மனசோடு கொடுப்பது ஏரிக்கரையில் போய்க் கிடக்க வேண்டாம்.

எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வாங்குங்கள். பணத்துக்கு வழி இருக்கிறது. பிறந்தநாளுக்கும் நினைவு நாளுக்கும் அன்னதானம் கொடுக்க வருபவர்களிடம், "இந்த முறை ஐம்பது தட்டு வாங்கிக் கொடுங்கள், பெயர் வெட்டி வைக்கிறோம்" என்று கேளுங்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது நம் பழக்கம்தானே, சந்தோஷமாகக் கொடுப்பார்கள். மற்ற நாட்களில் பக்கத்துக் கோயிலுக்கும் காதுகுத்து வீட்டுக்கும் இரவல் கொடுத்தால் ஊரிலேயே பேப்பர் தட்டு குறையும். கோடையில் கழுவத் தண்ணீர் இல்லையென்றால் வாழை இலையோ பாக்குமட்டைத் தட்டோ போடுங்கள். எச்சில் வாழை இலை மாட்டுக்குப் போய்விடும், ஊறுகாய் பாக்கெட் கலக்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

பேனரையும் மாற்றலாம். ஃப்ளெக்ஸுக்குப் பதில் தேதி போடாத துணி பேனர் ஒன்று எழுதி வைத்தால் பல வருஷம் வரும்.

அடுத்தது தண்ணீர். செலவழிக்க ஏதாவது பணம் இருந்தால் இதில் போடுங்கள். உங்கள் தர்மபுரி மாவட்டத்தில் பல இடங்களில் நிலத்தடி நீரில், பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃப்ளோரைடு என்ற உப்பு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். டியூஷன் பிள்ளைகளுக்கு போர் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தாலும் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகக் குறைவதால் அதன் அடர்த்திதான் கூடும். மழைநீரில் அந்தத் தொல்லை அனேகமாக இல்லை. ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மொட்டை மாடி 600 சதுர அடி, அதாவது சுமார் 56 சதுர மீட்டர் என்று வையுங்கள். வருஷத்துக்கு 800 மி.மீ. பெய்து, ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 35 ஆயிரம் லிட்டருக்கு மேல் கிடைக்கும். முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். அப்புறம் மணல், ஜல்லி வடிகட்டி வழியாக, வெயிலும் கொசுவும் புகாதபடி மூடிய தொட்டியில் பிடியுங்கள். குடிக்க அதைக் காய்ச்சிக் கொடுங்கள். தொட்டி நிரம்பி வழிவதை போர்வெல் பக்கத்தில் உறிஞ்சுகுழிக்குத் திருப்புங்கள்.

மரக்கன்று விஷயத்தில் ஒரு வேண்டுகோள். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம் என்பதற்காக அன்றைக்கே நடாதீர்கள். ஆவணி, புரட்டாசியில் மழை பிடித்து மண் நன்றாக நனைந்த பிறகு நடுங்கள். புங்கன், வேம்பு, புளி, நாவல் நம் வறட்சியைத் தாங்கும். நூறு கன்று வேண்டாம். பங்குனி, சித்திரையில் யார் தண்ணீர் ஊற்றுவார்கள் என்று வீட்டுப் பெயரோடு நோட்டில் எழுத முடிகிற அளவுக்கு மட்டும் வையுங்கள். ஆடு மேயும் ஊர் என்பதால் ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் சீமைக்கருவேல முள்ளை வெட்டி அடைத்துவிடுங்கள். அதற்குக் காசு செலவில்லை.