கீமோ நடக்கும்போது பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா?

கேள்வி: என் ஆறு வயது மகனுக்கு ஏ.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். நாலு மாதமாகக் கீமோ நடக்கிறது. பிளேட்லெட் குறைந்திருக்கிறது என்றதும் பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்கிறார் மாமியார். அண்ணன் கோதுமைப்புல் பொடி வாங்கி அனுப்பியிருக்கிறார். சர்க்கரை சாப்பிட்டால் புற்றுநோய் வளரும், இனிப்பை அடியோடு நிறுத்து என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பையனோ எதைக் கொடுத்தாலும் வாயைத் திறப்பதில்லை. இதையெல்லாம் டாக்டரிடம் கேட்டால் திட்டுவாரோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: பப்பாளி இலைச் சாறு இப்போது வேண்டாம் என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். டெங்குவில் பிளேட்லெட் சில நாள் இறங்கி, பெரும்பாலும் தானாகவே ஏறிவிடும். அந்த அனுபவத்தில்தான் அவர் சொல்கிறார். உங்கள் மகனுக்குக் குறையக் காரணம் வேறு. கீமோ மருந்து எலும்பு மஜ்ஜையின் உற்பத்தியையே கொஞ்ச காலம் அடக்கி வைக்கிறது. மஜ்ஜை மீளும்வரை, தேவைப்பட்டால் மருத்துவமனையிலேயே பிளேட்லெட் ஏற்றுவார்கள்.

மூலிகை என்றாலே இந்த டாக்டர்களுக்கு ஆகாது என்று வீட்டில் பேச்சு வரும். அவனுக்கு ஏற்றும் வின்கிறிஸ்டின் என்ற கீமோ மருந்து எதிலிருந்து வருகிறது தெரியுமா? நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. சுடுகாட்டுப் பூ என்று சிலர் வாசலில் வைக்கவே தயங்குவார்களே, அதேதான். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்கள். எவ்வளவு பெரிய உடம்பாக இருந்தாலும் ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமைத் தாண்டுவது வழக்கமில்லை. தாண்டினால் நரம்புகளைப் பதம் பார்த்துவிடும். இலைக்கு அவ்வளவு வீரியம் உண்டு என்று நம்புவதால்தான், அளவு தெரியாத இலையைப் பார்த்தால் எனக்குப் பயம்.

அந்தப் பயம் முக்கியமாகக் கல்லீரலைப் பற்றியது. மெத்தோட்ரெக்சேட், மெர்காப்டோப்யூரின், ஆஸ்பராஜினேஸ் என்ற கீமோ மருந்துகள் மூன்றுமே கல்லீரலுக்குச் சுமைதான். கூடவே ஒரு சாறும் சூரணமும் போய், ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் என்சைம் ஏறினால், எதனால் ஏறியது என்று கண்டுபிடிக்க வழியில்லை. டாக்டர் கீமோவைக் குறைப்பார், அல்லது தள்ளிப்போடுவார். ஏ.எல்.எல். சிகிச்சை இரண்டு மூன்று வருடம் ஓடுவது. கடைசிக் கட்டத்தில் தினமும் மெர்காப்டோப்யூரின், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட். அந்த மாத்திரைகள் அடிக்கடி விட்டுப்போனால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறது. வீணாக ஒரு வாரத்தை இழக்க வேண்டாம்.

கோதுமைப்புல் பொடியும் வேண்டாம். காய்ச்சாத இலைப் பொடிகளில் பூஞ்சையும் கிருமியும் இருக்கலாம். ரத்த வெள்ளையணு கவுன்ட் குறைந்த குழந்தைக்கு அது ஆபத்து. பற்பம், செந்தூரம் பக்கமே போக வேண்டாம். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருக்கின்றன. குழம்பில் போடும் மஞ்சளால் ஒன்றும் ஆகாது, ஆனால் குர்குமின் மாத்திரை வேறு சங்கதி: கூடவே சேர்க்கும் மிளகுச் சத்து மற்ற மருந்துகளின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடக்கூடும்.

இரண்டு டானிக்குகளைப் பலரும் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். ஃபோலிக் அமிலம் உள்ள சத்து டானிக், மெத்தோட்ரெக்சேட்டின் வேலையைக் கெடுக்கலாம். இரும்புச்சத்து சிரப்பும் தேவையில்லை. அடிக்கடி ரத்தம் ஏற்றும் குழந்தைக்கு உடம்பில் ஏற்கனவே இரும்பு சேர்ந்துகொண்டிருக்கும். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று சாப்பாட்டில் வருவது தாராளமாக வரட்டும்.

இனிப்பை நிறுத்துவதால் புற்றுநோய் பட்டினி கிடக்காது, உங்கள் பையன்தான் கிடப்பான். ஸ்டீராய்டு எடுக்கும் நாட்களில் சிலருக்குச் சர்க்கரை அளவு ஏறும். அப்போது டாக்டர் சொன்னால் குறையுங்கள். மற்ற நாட்களில் எடை இறங்காமல் இருப்பதுதான் முக்கியம். இளைத்த குழந்தைக்குத் தொற்றும் அதிகம், கீமோவைத் தாங்கும் தெம்பும் குறைவு.

சரி, எப்படித்தான் ஊட்டுவது? முதலில், கீமோ ஏற்றும் நாளில் அவனுக்கு மிகவும் பிடித்ததைக் கொடுக்காதீர்கள். 1978இல் ஐலீன் பெர்ன்ஸ்டைன் என்ற அமெரிக்க உளவியலாளர், கீமோவுக்கு முன் குழந்தைகளுக்குப் புதுச் சுவையில் ஐஸ்கிரீம் கொடுத்துப் பார்த்தார். பிற்பாடு அந்த ஐஸ்கிரீமைப் பல குழந்தைகள் ஒதுக்கிவிட்டார்கள். குமட்டலின் பழியைச் சாப்பாட்டின் மேல் போட்டுவிடுகிறது உடம்பு. அம்மா ஆசையாகக் கட்டிக்கொண்டு போகும் நெய்ச்சோற்றுக்கும் அதே கதிதான்.

மற்ற நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒரு வாயிலேயே கலோரி அதிகம் போகிற மாதிரி செய்யுங்கள்: இட்லி மேல் ஒரு ஸ்பூன் நெய், ராகிக் கஞ்சியில் பால் பவுடர், பருப்புச் சோற்றில் நன்கு வெந்த முட்டையை மசித்து. வாய்ப்புண் இருந்தால் காரம், புளி இல்லாமல் ஆறவைத்துக் குழைவாக. எவர்சில்வர் ஸ்பூன் இரும்பு வாடை அடிக்கிறது என்றால் பிளாஸ்டிக் ஸ்பூனில் கொடுத்துப் பாருங்கள். வீட்டில் அன்றன்று சமைத்ததே போதும். காய்ச்சாத பால், அரைவேக்காட்டு முட்டை, வெளிக்கடைச் சட்னி, வெட்டி வைத்த பழம் வேண்டாம். இவ்வளவு செய்தும் எடை இறங்கி, மூக்கு வழியாகக் குழாய் போடலாம் என்றார்களானால் மறுக்காதீர்கள். சாப்பாட்டு நேரத்துச் சண்டை அதோடு பெருமளவு அடங்கிவிடும்.

மாமியாருக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். மணிக்கட்டு ரேகையிலிருந்து பையனின் மூன்று விரல் அகலம் தள்ளி, உள்பக்கம், இரண்டு தசைநாண்களுக்கு நடுவே மெதுவாக அழுத்திவிடட்டும். சில குழந்தைகளுக்குக் குமட்டல் குறைகிறது, குறையாவிட்டாலும் நஷ்டமில்லை. குமட்டல் மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது. கால் பிடித்துவிடலாம், போர்ட் (மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பதித்த கருவி) இருந்தால் அந்த இடத்தைத் தொடாமல். முதுகில் ஊசி போடும் நாளில் பாட்டி கதை சொன்னாலே பயம் பாதி இறங்கும். ஊசி குத்தும் அக்குபங்சர், பிளேட்லெட் குறைந்திருக்கும்போது வேண்டாம்.

டாக்டரிடம் பயப்படாமல் சொல்லுங்கள். மறைத்தால்தான் அவருக்குச் சிரமம். இதுவரை ஏதாவது கொடுத்திருந்தால், என்று, எவ்வளவு என்று எழுதி, அந்த டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். வின்கிறிஸ்டினால் மலச்சிக்கல் வந்தாலும் வீட்டில் எனிமா, ஆசனவாய் மருந்து எதுவும் வைக்காதீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், கஷாயமோ பாராசிட்டமாலோ கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காமல், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குப் போன் செய்துவிட்டுக் கிளம்புங்கள்.