முடிவு தெரிந்த போரில் என்ன சுவை?

கேள்வி: நெப்போலியன் வாட்டர்லூவில் தோற்றது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே போரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் வரைபடத்தை விரித்து, அட்டைச் சில்லுகளை நகர்த்தி, பகடை உருட்டி நாள் முழுக்க விளையாடுகிறார்களாமே! முடிவு தெரிந்த போரில் என்ன சுவை? சதுரங்கம் போதாதா? இது போரைக் கொண்டாடுவது ஆகாதா?

பதில்: முடிவு தெரியும், அந்த முடிவு ஏன் நேர்ந்தது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? அந்தக் கேள்விதான் இவர்களை மேஜைக்கு இழுக்கிறது.

வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்பு, 1815 ஜூன் 16ஆம் நாளைப் பாருங்கள். இன்றைய பெல்ஜியத்திலுள்ள லீனியில் நெப்போலியன், ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் படையோடு பொருதுகிறார். சில மைல் தொலைவில், காத்ர் பிராவில், அவருடைய தளபதி நெய், பிரிட்டிஷ் தளபதி வெலிங்டனின் படையோடு மோதுகிறார். இரண்டு களங்களுக்கும் இடையே ஏறத்தாழ 20,000 வீரர்களோடு மற்றொரு பிரெஞ்சுத் தளபதி டெர்லோன் இருக்கிறார். லீனியை நெருங்கிய அவரை நெய் திருப்பி அழைக்க, அந்தப் பெரும்படை நடந்தே பொழுதைக் கழித்து இரண்டு களத்துக்கும் உதவாமல் போயிற்று. நூலில் இதைப் படிப்பவர் மடத்தனம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். பிரெஞ்சுத் தரப்பை ஏற்று ஆடுகிறவருக்கு அது முடியாது. அந்தப் படையை எந்தப் பக்கம் அனுப்பினாலும் மறுபக்கம் பலவீனப்படுவதை அவர் தம் கண்ணாலேயே காண்கிறார்.

சதுரங்கத்தில் எதிரியின் காய்கள் அத்தனையும் நம் கண்முன் இருக்கின்றன. தளபதிகளுக்கு அந்த வசதி வாய்த்ததில்லை. 1974இல் கனடாவில் வெளிவந்த ‘நெப்போலியன்’ என்ற விளையாட்டில் படைகள் நிமிர்த்தி வைத்த மரக்கட்டைகளாக இருக்கும்; படையின் விவரம் உரியவர் பக்கம் மட்டுமே தெரியும், எதிரே இருப்பவருக்கு வெறும் முதுகுதான். வருவது பெரும்படையா சிறு குதிரைக் கூட்டமா என்று தெரியாமலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

அந்தக் காலத்துப் போர்முறையும் பலகைக்கென்றே அமைந்தது போன்றது. குதிரைப்படை பாய்ந்து வருகையில் காலாட்படை சதுர வியூகம் வகுத்துத் துப்பாக்கிமுனைக் கத்திகளை நீட்டி நின்றால் குதிரைகள் அதை ஊடுருவா. ஆனால் நெருக்கியடித்து நிற்கும் அதே வியூகம் பீரங்கிக்கு எளிய இலக்கு. ஆகவே மூன்றையும் ஒருங்கே, உரிய நேரத்தில் கொண்டு சேர்ப்பவரே வெல்வார். வாட்டர்லூ மாலையில் போதிய காலாட்படைத் துணையின்றிக் குதிரைப்படையை மீண்டும் மீண்டும் ஏவிய நெய்க்கு நேர்ந்தது என்ன என்பதை, அதையே செய்து பார்த்த ஆட்டக்காரர் எளிதில் மறக்கமாட்டார்.

வெட்டிப் பொழுதுபோக்கு என்றும் இதை ஒதுக்க முடியாது. 1815இல் வெலிங்டனின் பாசறையில் பிரஷ்யப் பிரதிநிதியாக இருந்த முஃப்லிங், பின்னாளில் பிரஷ்யப் படைத்தலைமையகத்தின் தலைவரானார். 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி நடத்திக் காட்டிய வரைபடப் போர் விளையாட்டைக் கண்டு வியந்து, அதைப் படையினரின் பயிற்சிக்கே பரிந்துரைத்தார்.

உங்கள் கடைசிக் கேள்வி நியாயமானது. வாட்டர்லூவில் ஒரே நாளில் 40,000 பேருக்கு மேல் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தார்கள். ஒரு சில்லை எடுத்து அப்பால் வைக்கும் கை அந்த வலியை உணராது என்பதை மறுக்கவில்லை. எனினும், மாவீரன் என்ற பட்டத்தோடு நெப்போலியனின் கதையை முடித்துவிடும் பாடப்புத்தகத்தைவிட, குழப்பமான ஒரு கட்டளைக்கு ஒரு படை என்ன விலை கொடுத்தது என்று கணக்குப் பார்க்க வைக்கும் இந்த மேஜை போரைக் குறைவாகவே கொண்டாடுகிறது.