எஸ்டி கார்டு குளோனிங்: குட்டி ரோபோ வைத்திருப்பவர்களுக்குக் கேள்வி பதில்

பயிற்சி ஆய்வகம் ஒன்றில் 24 குட்டி ரோபோக்களைக் கட்டி மேய்க்கிறேன். இரண்டு சக்கரம், ஒரு கேமரா, மூளைக்கு ராஸ்பெர்ரி பை. ஒவ்வொரு அணி மாணவர்களும் பயிற்சி முடித்துப் போனதும் 24 மெமரி கார்டையும் துடைத்து, எல்லாம் சரியாக அமைத்த ஒரு மாஸ்டர் கார்டின் நகலை மறுபடி எழுதுவது என் தலையில் விழுந்த வேலை. அதில் அடிபட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மோட்டார், பேட்டரி, சென்சார் பற்றி என்னிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. டிடி (ஒரு டிஸ்க்கில் இருப்பதை இன்னொன்றின் மேல் அப்படியே எழுதும் லினக்ஸ் கட்டளை) அடிப்பதற்கு முன் எல்எஸ்பிஎல்கே (மாட்டியிருக்கும் டிஸ்க்குகளைப் பட்டியலிடும் கட்டளை) போட்டு எது கார்டு, எது உங்கள் ஹார்ட் டிஸ்க் என்று பாருங்கள். கார்டைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். எந்த வரி காணாமல் போய்த் திரும்ப வருகிறதோ அதுதான் கார்டு. இதை இன்றைக்குப் பத்து தடவை சொல்வேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கே (சுழல்விசை): அண்ணா, மாஸ்டர் கார்டை அப்படியே இன்னொரு 32 ஜிபி கார்டில் எழுதினேன். கடைசியில் இடம் போதவில்லை என்று நின்றுவிட்டது. இரண்டும் 32 ஜிபிதானே?

ப: உறை மேல்தான் இரண்டும் 32. 32 ஜிபி என்றால் 512 பைட் துண்டுகளாக, அதாவது செக்டர்களாக, சுமார் 6 கோடியே 25 லட்சம். இதை எந்த கார்டும் சுத்தமாகத் தொடாது. ஒன்றில் சில ஆயிரம் கூட இருக்கும், இன்னொன்றில் குறையும். ஒரே கம்பெனி, ஒரே மாடல், வேறு வேறு சமயத்தில் வாங்கியது என்றாலும் இதே கதைதான். உங்கள் மாஸ்டர் பெரியது, நகல் சிறியது. கடைசிப் பகுதி மட்டும்தானே விழவில்லை, அங்கே ஒன்றும் இருக்காது என்று அப்படியே ரோபோவில் போட்டுவிடாதீர்கள். ஃபைல் சிஸ்டம் தன் நீளத்தைத் தலைப்பில் எழுதி வைத்திருக்கிறது. கார்டு அதைவிடக் குட்டை என்று தெரிந்ததும் கெர்னல் (ஓஎஸ்ஸின் மையம்) அதைத் திறக்க, அதாவது மவுண்ட் செய்ய, மறுத்துவிடும்.

வழி இதுதான். மாஸ்டரை லேப்டாப்பில் ஒரு இமேஜ் கோப்பாக (முழு கார்டின் நகல் ஒரே கோப்பில்) எடுங்கள். பைஷ்ரிங்க் என்று ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. அது ரூட் பார்ட்டிஷனைச் சுருக்கி, வாலில் இருக்கும் வெற்றிடத்தை வெட்டிவிடும். நகல் முதல் தடவை பூட் ஆகும்போது கார்டின் முழு அளவுக்குத் தானாக விரிய ஏற்பாடும் செய்துவிடும். என் 32 ஜிபி மாஸ்டர் இப்படிச் சுருங்கி 6 ஜிபிக்கு வந்தது. அதன்பின் எந்த கார்டு எத்தனை செக்டர் என்ற கவலையே எனக்கு இல்லை.

கே (பகல்கனவு): ஒரு கார்டுக்கு அரை மணி நேரம் ஆகுது சார். 24 கார்டுக்கு நீங்க எப்படிச் சமாளிக்கிறீங்க?

ப: மேலே சொன்ன சுருக்கும் வேலையைச் செய்ததால்தான். நொடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதினால் முழு 32 ஜிபிக்கு 27 நிமிடம், 24 கார்டுக்குப் பதினொரு மணி நேரம் ஓடிவிடும். 6 ஜிபி என்றால் கார்டுக்கு 5 நிமிடம், மொத்தம் இரண்டே மணி நேரம். டிடியில் பிளாக் அளவு சொல்லாமல் விட்டால் 512 பைட்டாக நக்கி நக்கி எழுதும். 4 எம்பி கொடுங்கள்.

நாலைந்து ரீடர் இருந்தால் டீ கட்டளை வழியாக ஒரே வாசிப்பில் எல்லாவற்றிலும் எழுதலாம். ஆனால் இருப்பதிலேயே மந்தமான கார்டு போகும் வேகத்தில்தான் மற்றவையும் போகும். பழைய யூஎஸ்பி 2 ஹப்பில் எல்லா ரீடரையும் மாட்டினால் இருக்கிற ஒரே பாதையைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும்.

இன்னொன்று, 'முடிந்தது' என்று வந்ததும் கார்டை உருவாதீர்கள். பாதி இன்னும் ரேமில் நின்றுகொண்டிருக்கலாம். சிங்க் (ரேமில் இருப்பதைக் கார்டில் எழுதி முடிக்கும் கட்டளை) போட்டுவிட்டு எடுங்கள். சரிபார்ப்பதாக இருந்தால் கார்டைக் கழற்றி மறுபடி போட்ட பிறகு சரிபாருங்கள். இல்லாவிட்டால் கார்டுக்குப் பதில் ரேமில் கிடக்கும் பிரதி 'எல்லாம் சரி' என்று சாட்சி சொல்லிவிடும்.

கே (நண்டுநடை): ஆறு ரோபோவுக்கு குளோன் போட்டோம். ஒரு ஜாய்ஸ்டிக்கைத் தட்டினால் ஆறும் சேர்ந்து ஓடுகிறது!

ப: எனக்குப் பிடித்த கேள்வி வந்துவிட்டது. கார்டை நகல் எடுப்பது பாதி வேலைகூட இல்லை. 'நீ மாஸ்டர் இல்லை, வேறு ஆள்' என்று ஒவ்வொரு நகலுக்கும் புரியவைப்பதுதான் வேலை.

உங்களுடையது ராஸ் 2 (ரோபோக்களுக்கான மென்பொருள் கட்டமைப்பு) என்று நினைக்கிறேன். டொமைன் ஐடி (யார் யாரோடு பேசலாம் என்று பிரிக்கும் எண்) எதுவும் வைக்காவிட்டால் எல்லாம் பூஜ்யத்தில் இருக்கும். ஒரே வைஃபையில் ஒரே டொமைனில் இருக்கும் எல்லா ரோபோவும் அதே வேகக் கட்டளையைக் கேட்கும், அதற்கு ஆடும். ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடுங்கள். 0 முதல் 101 வரை பயமில்லாமல் வைக்கலாம். அல்லது ரோபோவின் பெயரையே நேம்ஸ்பேஸாக (கட்டளைப் பெயர்களுக்கு முன்னொட்டாக) வையுங்கள். நான் இரண்டையும் செய்கிறேன்.

அதோடு போகாது. எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாக ரோபோவுக்குள் நுழையும் வழி) ஹோஸ்ட் சாவி எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும். மாஸ்டர் இமேஜில் அதை அழித்துவிட்டு முதல் பூட்டில் புதிதாக உருவாகும்படி வையுங்கள். மெஷின் ஐடி (ஓஎஸ்ஸின் தனி அடையாள எண்) கோப்பை அழிக்காதீர்கள், உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்யுங்கள். காலியாக இருந்தால் சிஸ்டம்டி (லினக்ஸைத் தொடங்கி வைக்கும் நிரல்) புதிது போட்டுக்கொள்ளும். உபுண்டு சர்வர் போட்டவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அங்கே ரௌட்டரிடம் ஐபி கேட்கும்போது காட்டுகிற அடையாளம் இந்த மெஷின் ஐடியிலிருந்துதான் பிறக்கிறது. மேக் முகவரி வேறு வேறாக இருந்தும் இரண்டு ரோபோவுக்கு ஒரே ஐபி விழுந்து, இரண்டும் மாறி மாறி நெட்வொர்க்கில் செத்துச் செத்துப் பிழைக்கும். அரை நாள் கேபிளையும் ரௌட்டரையும் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெயர் வைக்க ஒரு சுலபமான வழி: ஒவ்வொரு ராஸ்பெர்ரி பையிலும் தனி சீரியல் எண் உண்டு, சிபியு தகவல் கோப்பிலேயே கிடைக்கும். எந்த சீரியலுக்கு எந்தப் பெயர், எந்த டொமைன் என்று ஒரு சின்னப் பட்டியலை இமேஜுக்குள் வைத்துவிட்டேன். முதல் பூட்டில் ஒரு ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து ரோபோவுக்குப் பெயர் வைத்துவிடும். எந்த கார்டை எந்த ரோபோவில் செருகினாலும் கவலை இல்லை.

கே (மஞ்சள்செங்கல்): லெகோ ஈவி3 செங்கலுக்கும் இதே முறையா?

ப: ஈவி3டெவ் (கார்டிலிருந்து ஓடும் லினக்ஸ்) போட்டிருந்தால் ஆமாம். கார்டு 32 ஜிபிக்கு மேல் வேண்டாம், அது எடுத்துக்கொள்ளாது. கார்டைக் கழற்றினால் பழைய ஃபர்ம்வேர் அப்படியே இருக்கும் என்பதால் தைரியமாகச் சோதிக்கலாம்.

கே (நிழற்படம்): கேமரா கார்டில் கல்யாணப் படங்கள் அழிந்துவிட்டன...

ப: அதில் இனி எதையும் எழுதாதீர்கள். டிடிரெஸ்க்யூ வைத்து முழு இமேஜ் எடுத்து, அந்த இமேஜின் மேல் ஃபோட்டோரெக் ஓட்டிப் பாருங்கள். மேற்கொண்டு மீட்புப் பகுதியில் கேளுங்கள்.

கே (அவசரக்காரன்): ஏ2 கார்டு வாங்கினால் வேகமா?

ப: ரோபோவின் கார்டு நாள் முழுக்கச் சின்னச் சின்னத் துணுக்குகளாகத்தான் எழுதும். அதனால் உறையில் பெரிதாகப் போட்டிருக்கும் '100 எம்பி' உங்களுக்கு ஒன்றும் செய்யாது. பார்க்கவேண்டியது ஏ1, ஏ2 குறிதான். ஏ1 என்றால் நொடிக்குக் குறைந்தது 1500 வாசிப்பு, 500 எழுத்து. ஏ2 என்றால் 4000, 2000. ஆனால் ஏ2 அந்த எண்ணைத் தொட, கார்டைச் செருகும் போர்டும் கமாண்ட் க்யூ என்கிற வசதியைத் தரவேண்டும். தராத பழைய போர்டில் ஏ2வுக்குக் கொடுத்த காசு வீண். நல்ல ஏ1 போதும்.

போலி கார்டுதான் பெரிய தலைவலி. 64 என்று எழுதியிருக்கும், உள்ளே 8 இருக்கும். எட்டைத் தாண்டியதும் எழுதுவதெல்லாம் காற்றோடு போகும், பிழைச்செய்தியும் வராது. புதுக் கார்டு எதுவானாலும் முதலில் எஃப்3 என்ற சோதனைக் கருவியை ஓட்டுங்கள். விண்டோஸ் என்றால் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ.

கே (கல்தோசை): ஒரே 32 ஜிபி கார்டுதான், ஆனா இடம் பத்தல...

ப: முதல் கேள்வி.

கே (தடம்): குளோன் போட்ட எல்லா ரோபோவும் நேராகப் போகாமல் இடப்பக்கம் இழுக்கிறது. மாஸ்டர் மட்டும் நூல் பிடித்தமாதிரி போகிறது. கார்டு பிரச்சினையா?

ப: மாஸ்டரின் வலது மோட்டார் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருக்கும். யாரோ உட்கார்ந்து ட்ரிம் எண்ணை மாற்றி அதை நேராக்கியிருப்பார்கள். அந்தத் திருத்தம் இப்போது நல்ல மோட்டார் உள்ள ரோபோக்களுக்கும் போய்விட்டது. கேமரா காலிப்ரேஷனும் அப்படியே. லென்ஸ் ஒவ்வொன்றும் வேறு. இந்தக் கோப்புகளை இமேஜில் வைக்கவே கூடாது. ரோபோவின் பெயரில் தனி ஃபோல்டரில் வைத்து, எழுதியபின் திரும்பப் போடுங்கள்.

எனக்கு நடந்தது இன்னும் மோசம். மாஸ்டரில் மோட்டார் போர்டுக்கு நிலையான பெயர் கிடைக்க ஒரு யூடெவ் விதி (செருகும் சாதனத்துக்கு லினக்ஸ் பெயர் வைக்கும் விதி) எழுதியிருந்தேன். அந்தப் போர்டின் யூஎஸ்பி சீரியல் எண்ணை வைத்தே எழுதிவிட்டேன். 24 கார்டும் எழுதி முடித்துச் செருகினால், 23 ரோபோவில் கேமரா தெரிகிறது, விளக்கு எரிகிறது, சக்கரம் மட்டும் அசையவில்லை. சீரியல் எண்ணை எடுத்துவிட்டுத் தயாரிப்பு எண்ணை மட்டும் வைத்ததும் ஓடியது. மறுபடி 24 கார்டு.

கே (வேர்முடிச்சு): மன்னிக்கவும், இந்தக் கதைகளே சொல்கின்றன: குளோனிங்கே தப்பான வழி. சுத்தமான ஓஎஸ் எழுதி, ஆன்சிபிள் போன்ற, எழுதிவைத்த படிகளைத் தானே ஓட்டும் கருவியால் ஒவ்வொரு ரோபோவையும் கட்டுங்கள். உங்கள் மாஸ்டர் கார்டுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

ப: தெரியும். நான்தான் வைத்தேன்.

வேர்முடிச்சு: இரண்டு வருடம் முன்பு எந்த நூலகத்தைக் கையால் திருத்தினீர்கள் என்று இப்போது சொல்ல முடியுமா?

ப: இப்படிக் கேட்டால் மாட்டிக்கொள்வேன். ஆனால் உங்கள் வழியை என் ஆய்வகத்தில் யோசித்துப் பாருங்கள். 24 ரோபோ ஒரே வைஃபையில் நூற்றுக்கணக்கான பேக்கேஜ்களை இறக்கும். பதினேழாவதில் நெட் அறுந்து பாதியில் நிற்கும். இன்று கட்டியதற்கும் அடுத்த வாரம் கட்டியதற்கும் பேக்கேஜ் பதிப்பு மாறிவிடும். மாணவர் வந்து 'என்னுடையது ஓடவில்லை, பக்கத்து ரோபோவில் ஓடுகிறது' என்பார். அச்சில் வார்த்தமாதிரி எல்லாம் ஒன்றாக இருப்பதில் எனக்கு நிம்மதி இருக்கிறது.

வேர்முடிச்சு: பதிப்பைப் பூட்டி வைக்கலாமே. உள்ளேயே ஒரு மிரர் (பேக்கேஜ்களின் உள்ளூர் நகல்) வைக்கலாமே.

ப: வைக்கலாம். அதையும் நான்தான் பராமரிக்கவேண்டும்.

பகல்கனவு: சண்டை நல்லா இருக்கு, தொடருங்க.

நண்டுநடை: எங்கள் இடத்தில் இரண்டையும் செய்கிறோம். இமேஜ் கோப்பை லேப்டாப்பிலேயே மவுண்ட் செய்து, க்யூஎம்யூ (வேறு சிப்புக்கான நிரலை லேப்டாப்பில் ஓட்டும் கருவி) உதவியோடு அதற்குள் நுழைந்து ஸ்கிரிப்டை ஒரே ஒரு தடவை ஓட்டுவோம். வெளியே வரும் இமேஜைத்தான் எல்லா கார்டிலும் எழுதுவோம்.

ப: இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். என் மாஸ்டர் கார்டு ஒருமுறை செத்தது. சோதிக்கிறேன் என்று அதையே ரோபோவில் போட்டு ஓட்டினேன், பேட்டரி வழியில் தீர்ந்தது, அதன்பின் கார்டு எழுந்திருக்கவே இல்லை. இமேஜ் இருந்தது, ஆனால் நாலு மாதம் பழையது. நடுவில் என்னவெல்லாம் மாற்றினேன் என்று நினைவுபடுத்திச் சேர்க்க ஒரு வாரம் போனது. அன்றிலிருந்து செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு உரைக்கோப்பில் வரிசையாக எழுதுகிறேன். அது ஸ்கிரிப்ட் இல்லை.

வேர்முடிச்சு: வரிசையாக எழுதிய கட்டளைகளுக்குப் பெயர்தான் ஸ்கிரிப்ட்.

ப: அடுத்த கேள்வி.

கே (மின்மினி): ரோபோ ஓடிக்கொண்டிருக்கும்போதே நகல் எடுக்கலாமா?

ப: டிடியால் கூடாது. வாசிக்க வாசிக்கக் கோப்புகள் மாறிக்கொண்டே இருக்கும், கிடைப்பது எந்த நொடிக்கும் சொந்தமில்லாத கலவை. ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் எஸ்டி கார்டு காப்பியர் இருக்கிறது. அது கோப்பு கோப்பாக எடுக்கும், பரவாயில்லை. அணைத்துவிட்டு எடுப்பதே உத்தமம்.

கே (கூழாங்கல்): மாஸ்டரில் யாரும் எழுதாமல் இருக்க அடாப்டரின் பூட்டு போதுமா?

ப: போதாது. அது பக்கவாட்டில் நகரும் ஒரு பிளாஸ்டிக் துண்டு. ரீடர் மதித்தால் உண்டு, கார்டுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. மாஸ்டரை இமேஜாக எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். கார்டை ரோபோவில் செருகாதீர்கள்.

கே (திறவுகோல்): விற்பனையாளர் தந்த மென்பொருள் கார்டின் சிஐடி எண்ணைப் பார்க்கிறது. அதையும் குளோன் செய்ய வழி?

ப: சிஐடி தயாரிக்கும்போதே கார்டுக்குள் பதியும் எண், டிடி அதைத் தொடாது. விற்றவரிடம் கூடுதல் உரிமம் கேளுங்கள்.

கே (ஆறுகால்): மாணவர்கள் சுவிட்சைப் பட்டென்று அணைக்கிறார்கள். வாரம் இரண்டு கார்டு போகிறது.

ப: மாணவர்களைத் திருத்த முடியாது, கார்டைத் திருத்தலாம். ராஸ்பி கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தை இயக்குங்கள். அடியில் கார்டு வாசிக்க மட்டும், எழுதுவதெல்லாம் ரேமுக்கு. அணைத்தால் அன்றைய மாற்றம் மறைந்துவிடும், எங்களுக்கு அது நன்மையே. மாணவர் நிரலும் காலிப்ரேஷனும் தங்கவேண்டுமே என்றால் அதற்கு மட்டும் தனிப் பார்ட்டிஷன். நான் இப்படி மாற்றியபின் கார்டு சாவது அபூர்வமாகிவிட்டது.

கே (புள்ளிமான்): ஆர்டுயினோ ரோபோ, கார்டில் வெறும் டேட்டா கோப்புதான். டிடி வேண்டுமா?

ப: வேண்டாம். எஃப்ஏடி32 ஃபார்மேட் செய்து கோப்புகளைக் காப்பி செய்யுங்கள். பழைய லைப்ரரி என்றால் கோப்புப் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக்கூடாது.

கே (அவசரக்காரன்): சார், நீங்க சொன்னமாதிரி 6 ஜிபி இமேஜை எழுதினேன். ரொம்ப வேகமா முடிஞ்சுது. ஆனா கார்டு காலியாவே இருக்கு, லேப்டாப் ரீஸ்டார்ட் பண்ணினா பூட் ஆகல.

ப: அணையுங்கள். திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள், ஓஎஸ் போடாதீர்கள். முதல் 6 ஜிபி போய்விட்டது, அதற்குப் பின்னால் இருப்பதில் ஏதாவது மிஞ்சியிருக்கலாம். வேறு கம்ப்யூட்டரில் இருந்து எனக்குத் தனியாக எழுதுங்கள்: உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க்கா எஸ்எஸ்டியா, எத்தனை ஜிபி, என்கிரிப்ட் செய்திருந்தீர்களா? இரவு முழித்திருப்பேன்.