ஃபேனைப் பார்த்து சிரிக்கிறான், என்கிட்ட முகத்தை திருப்பிக்கிறான்

கேள்வி: டாக்டர், பையனுக்கு இப்போ 13 வாரம். நான் கிட்ட போய் கொஞ்சினா ரெண்டு செகண்ட் பார்த்துட்டு முகத்தை திருப்பிக்கிறான், ஆனா மேல ஓடுற ஃபேனை மட்டும் விடாம பார்க்கிறான், அதைப் பார்த்து சிரிக்க வேற செய்யறான். வீட்டுக்காரர் கருப்பு வெள்ளை கார்டு, பாட்டு பாடுற ப்ளே ஜிம்னு ஆன்லைன்ல 3,000 ரூபாய்க்கு வாங்கிட்டார். மாமியார், "பச்சக் குழந்தைக்கு என்ன விளையாட்டு, தூளியில போட்டு ஆட்டு"ங்கறாங்க. பக்கத்து வீட்ல இதே வயசு பாப்பா கலகலன்னு சிரிக்குது. தினம் எத்தனை நிமிஷம் விளையாடணும்? (36 வாரத்துலயே பிறந்துட்டான், மத்தபடி பிரச்சனை இல்ல.)

பதில்: கடைசியா பிராக்கெட்ல போட்டீங்க பாருங்க, அதுலதான் பாதி பதில் இருக்கு. 40 வாரத்துல பிறக்க வேண்டியவன் 4 வாரம் முன்னாடியே வந்துட்டான், அதனால வளர்ச்சியை பார்க்கும்போது அந்த 4 வாரத்தை கழிச்சுதான் பார்க்கணும், அப்படி பார்த்தா உங்க பையனுக்கு 9 வாரம்தான். முகம் பார்த்து சிரிக்கறதே 6லிருந்து 8 வாரத்துல தொடங்கற விஷயம், சத்தம் வர்ற மாதிரி சிரிக்க 4 மாசம் கிட்ட ஆகும், உங்களுக்கு 5 மாசம்னு வச்சுக்கோங்க. பக்கத்து வீட்டு பாப்பாவோட போட்டி போடறதை இன்னிக்கே விட்டுடுங்கம்மா.

இப்போ அந்த முகம் திருப்பற விஷயம். என் ஓ.பி.யில வாரத்துக்கு ஒருத்தராவது இதைச் சொல்லி கண் கலங்கறாங்க. அவன் உங்களை பிடிக்காம திருப்பல, "இரும்மா, மூச்சு விட்டுக்கறேன்"ங்கறான். நம்ம முகம்னா சும்மாவா, கண்ணு உருளுது, வாய் அசையுது, குரல் வருது, வாசனை வருது, எல்லாம் ஒரே நேரத்துல, அதுவும் கொஞ்சம் முன்னாடி பிறந்த குழந்தைக்கு இது சீக்கிரமே ஜாஸ்தி ஆயிடும். ஃபேன் அப்படி இல்ல, வெள்ளை சீலிங்ல கருப்பா ஒரு றெக்கை ஒரே மாதிரி சுத்துது, அவனை ஒண்ணும் கேக்கறதில்ல. அவன் திரும்பினதும் நாம என்ன பண்றோம், அந்தப் பக்கமும் போய் நின்னு "டேய் தங்கம் இங்க பாரு"ன்னு இன்னும் சத்தமா கூப்பிடறோம், அங்கதான் கெட்டுப் போகுது.

நாளைக்கு காலையில பால் குடிச்சு, ஏப்பம் விட்டு, துணி மாத்தி, முழிச்சு அமைதியா இருக்கற நேரமா பார்த்து இதை செஞ்சு பாருங்க. டிவியை ஆஃப் பண்ணிட்டு மடியில மல்லாக்க போட்டு, முகத்துக்கு முகம் ஒரு ஜாண், ஒண்ணரை ஜாண் தூரத்துல வச்சுக்கோங்க, அவனுக்கு நல்லா தெரியற தூரம் அதுதான். ஒரே ஒரு தடவை "ங்கூ..." சொல்லிட்டு வாயை மூடிட்டு சும்மா பாருங்க, மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்ணுங்க. மூணு, நாலு வரைக்கும் ஒண்ணும் நடக்காது. அப்புறம் முதல்ல கால் உதைக்கும், கை விரல் விரியும், புருவம் மேல போகும், வாய் குவியும், எட்டுலயோ ஒம்பதுலயோ "ங்..."னு ஒரு குட்டி சத்தம் வரும். அது அவன் டர்ன். உடனே அதே மாதிரி திருப்பி சொல்லுங்க, மறுபடி நிறுத்துங்க. பெரும்பாலான அம்மா அப்பா ரெண்டாவது செகண்ட்லயே அடுத்த வார்த்தைக்கு போயிடறாங்க, குழந்தை பதில் சொல்றதுக்குள்ள கேள்வி மாறிடுது. முகத்தை திருப்பினானா, நீங்களும் அப்படியே இருங்க, பெரும்பாலும் அவனே திரும்பி வருவான். கொட்டாவி, விக்கல், சிணுங்கல் வந்தா அன்னிக்கு அந்த ஆட்டம் முடிஞ்சது.

இது வெறும் கொஞ்சல்னு நினைக்காதீங்க. 1970கள்ல எட்வர்ட் ட்ரோனிக்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் அம்மாக்களை கொஞ்சம் நேரம் விளையாட விட்டு, அப்புறம் முகத்துல எந்த உணர்ச்சியும் இல்லாம சும்மா உக்காரச் சொன்னார். சில மாசக் குழந்தைங்க அது, ஆனா சிரிச்சு, கை நீட்டி அம்மாவை திரும்ப இழுக்கப் பார்த்துட்டு, முடியலைன்னதும் முகத்தை திருப்பிக்கிச்சு. நாம மாத்தி மாத்தி பேசிக்கறோம்னு அந்த வயசுலயே அதுக்கு தெரியுது. (ஃபோனை பார்த்துக்கிட்டே பால் குடுக்கறவங்களை திட்டறதுக்காக சொல்லல, எப்பவும் அப்படி இருக்க வேணாம்னுதான்.)

எத்தனை நிமிஷம்னு கேட்டீங்க. ஒரு தடவைக்கு ரெண்டு, மூணு நிமிஷமே தாராளம், துணி மாத்தும்போதெல்லாம் ஒரு தடவைன்னு வச்சாலே ஒரு நாளைக்கு எட்டு தடவை ஆயிடும்.

கார்டு வாங்கியாச்சு, சுவத்துல ஒட்டி வைங்க, தப்பில்ல. ஆனா உங்க முகத்துல கருப்பு புருவம், முடி, நெத்தியில சிவப்பு பொட்டு எல்லாம் இருக்கே, அதைவிட நல்ல கார்டு கடையில கிடையாது. ப்ளே ஜிம்ல மியூசிக்கை மட்டும் ஆஃப் பண்ணிடுங்க. ஒரு கிலுகிலுப்பையை ஒரு பக்கத்துலேர்ந்து இன்னொரு பக்கம் மெதுவா கொண்டு போங்க, கண்ணு பின்னாடியே வரும், காது கிட்ட ஆட்ட வேணாம். கையில வச்சா பிடிச்சுக்குவான், ஆனா அது ரிஃப்ளெக்ஸ், கை தானா மூடிக்கறது, வேணும்னு எட்டிப் பிடிக்க இன்னும் நாள் இருக்கு.

மாமியாரை சும்மா ஒதுக்கிடாதீங்க. காலை நீட்டி உக்காந்து குழந்தையை கால்மேல குப்புற போட்டு முதுகு தேய்ச்சு குளிப்பாட்டுவாங்களே, அப்போ தலையை தூக்கிப் பார்க்கும்ல, அதைத்தான் இப்போ டம்மி டைம்ங்கறாங்க. பிள்ளைத்தமிழ்ல 5ஆம் மாசத்து செங்கீரைப் பருவம்னு பாடினதும் குழந்தை கையை ஊனி தலையை நிமித்தி ஆடற அதே கோலத்தைத்தான். முழிச்சிருக்கும்போது உங்க நெஞ்சுமேலயோ பாய்லயோ ஒண்ணு ரெண்டு நிமிஷம் குப்புற போடுங்க, பால் குடிச்ச உடனே வேணாம், பக்கத்துலயே இருங்க. உலக சுகாதார நிறுவனம் 2019ல சொன்னது நாள் முழுக்க சேர்த்து 30 நிமிஷம், அதுக்கு மெல்ல போகலாம். மூக்குல ஊதறது, மூக்கு காதுல எண்ணெய் விடறது, சாம்பிராணி புகை, இது மூணும் மட்டும் வேணாம்னு நான் சொன்னதா சொல்லிடுங்க. தூங்க வைக்கும்போது மல்லாக்க, சமமான இடத்துல போடுங்க. தூளியில தாடை நெஞ்சுல முட்டற மாதிரி மடங்கி மூச்சு விட கஷ்டம் ஆகலாம், தவிர முழிச்சிருக்கறவனுக்கு அதுல துணியைத் தவிர பார்க்க ஒண்ணும் இல்ல.

ஃபோன்ல ரைம்ஸ் ரெண்டு வயசு வரைக்கும் சுத்தமா கிடையாது. வெளியூர் தாத்தா பாட்டிகிட்ட எப்பவாவது வீடியோ கால் பேசறது பரவாயில்ல.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்னா, அந்த 4 வாரத்தை கழிச்ச கணக்குல 3 மாசம் முடிஞ்சும் முகம் பார்த்து சிரிக்கல, அசையற பொருள் பின்னாடி கண்ணு போகல, பெரிய சத்தத்துக்கு துள்ளல, ஒரு பக்க கை மட்டும் எப்பவும் இறுக்கி மூடியே இருக்குன்னா காத்திருக்க வேணாம். செஞ்சுக்கிட்டிருந்த ஒண்ணு நின்னு போச்சுன்னா எந்த வயசுன்னாலும் உடனே. பிறந்தப்போ காது டெஸ்ட் எடுத்தாங்களான்னு டிஸ்சார்ஜ் ஷீட்ல பாருங்க, இல்லைன்னா இப்போ எடுத்துடுங்க.

தடுப்பூசிக்கு மட்டும் இந்த 4 வாரக் கழித்தல் கிடையாது, பிறந்த தேதிதான் கணக்கு. அடுத்த வாரம் 14 வாரம் ஆகுது, ஊசிக்கு போகும்போது கழுத்து எவ்வளவு நிக்குதுன்னு டாக்டரை ஒரு தடவை தூக்கிப் பார்க்கச் சொல்லுங்க.