மலைச் சைக்கிள் பாதைத் திட்டத்தைச் சிலர் வரவேற்பதும் சிலர் எதிர்ப்பதும் ஏன்?

மலைச் சைக்கிள் பாதைத் தொகுப்பு என்றால், காட்டுக்குள் தார் போடாமல் ஒன்றோடொன்று இணையும் குறுகிய மண் பாதைகள். சிங்கப்பூரில் புக்கிட் தீமா, செஸ்ட்நட், புலாவ் உபின் ஆகிய இடங்களில் ஏற்கெனவே உண்டு.

முறையான பாதை இல்லாவிட்டால் கள்ளத்தடங்கள் முளைக்கும் என்பது ஆதரவாளர் வாதம். எதிர்ப்பவர்களுக்கு இரண்டு கவலைகள்: நடப்பவர்மீது சைக்கிள் மோதுவது, எஞ்சிய காடு துண்டாடப்படுவது. முதலாவதற்கு வழி உண்டு. செஸ்ட்நட்டில் நடப்போருக்குத் தனிப் பாதை. இரண்டாவதற்கு எளிய மருந்தில்லை, எதிர்ப்பின் வலுவான பகுதி அதுதான்.

பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் மழைநீர். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக் குளியலறைத் தரை வடிகால் பக்கம் சற்றே சாய்ந்திருக்குமே, அதுபோலப் பாதையும் சரிவின் கீழ்ப்பக்கம் ஏறத்தாழ 5 விழுக்காடு சாய வேண்டும். பாதையின் ஏற்றம் சராசரியாக 10 விழுக்காட்டுக்குள், குன்றுச் சரிவின் சாய்வளவில் பாதியைத் தாண்டாமல் இருக்க வேண்டும். நேராகக் கீழிறங்கும் பாதை மழையில் ஓடையாகிவிடும். சேற்றைத் தவிர்க்க ஓட்டுநர்கள் ஓரம் ஒதுங்குவார்கள். பாதை அகலும், வேர்கள் வெளியே வரும்.

சக்கரம் மட்டுமே மண்ணை அரிக்கிறது என்பது தவறான எண்ணம். சாய்வு தப்பினால் வெறும் நடைபாதையும் இப்படித்தான் அரிபடும்.