நுகர்வோர் கேள்வி-பதில்: கணினியை மீட்கும் பென்டிரைவ்

கே: புது லேப்டாப் வாங்கினேன். ரெக்கவரி பென்டிரைவ் போட்டுத் தர கடையில் 1,200 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா? – வாசகி, திருச்சி

ப: கொடுக்காதீர்கள். விண்டோஸ் எழாதபோது கணினியை மீட்க உதவும் இந்தப் பென்டிரைவைச் செய்யும் வசதி விண்டோஸிலேயே இருக்கிறது. 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றைச் செருகி, தேடும் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'ரெக்கவரி டிரைவ்' என்று தட்டுங்கள். சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கவா என்று கேட்கும் இடத்தில் டிக் இருக்கட்டும். இல்லாவிட்டால் நாளை டிஸ்க் அடியோடு போனால் விண்டோஸை இந்தப் பென்டிரைவிலிருந்து ஏற்ற முடியாது. உங்கள் போட்டோ, கணக்கு எதுவும் இதில் சேராது. அவற்றுக்குத் தனி ஹார்ட் டிஸ்க் வேண்டும்.

கே: ஆன்லைனில் 799 ரூபாய்க்கு 2 டிபி பென்டிரைவ் வாங்கி, கணினி முழுவதையும் பேக்கப் எடுத்தேன். இப்போது பாதி ஃபைல் திறக்கவில்லை. நான் ஏதாவது தவறாகச் செய்துவிட்டேனா? – வாசகர், நாகர்கோவில்

ப: இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். நானும் இப்படி ஒன்று வாங்கி, அப்பாவின் கல்யாண போட்டோக்களை ஸ்கேன் செய்து அதில் வைத்தேன். பெயர்கள் வரிசையாகத் தெரிந்தன, படம் ஒன்றும் வரவில்லை. மூடியை நெம்பிப் பார்த்தால் உள்ளே பசை வைத்து ஒட்டிய நகத்தளவு மெமரி கார்டு, 32 ஜிபி. உள்ளிருக்கும் மென்பொருளைத் திருத்தி 2 டிபி என்று பொய் சொல்ல வைக்கிறார்கள். உண்மையான இடம் தீர்ந்ததும், அடுத்து எழுதுவது பழையதன் மேல் விழும் அல்லது எங்கும் பதியாது.

எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் முழுக்க எழுதி, திரும்பப் படித்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். மிஞ்சிய ஃபைல்களை முதலில் வேறிடத்துக்கு மாற்றிவிட்டு அதை ஓட்டுங்கள். வரும் திரையைப் படமெடுத்து, விற்ற தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு அனுப்புங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். 799 ரூபாய்தானே என்று விடாதீர்கள்.

கே: குழந்தையின் போட்டோக்கள் இருந்த பென்டிரைவையே ரெக்கவரி டிரைவாக மாற்றினேன். எல்லாம் அழிந்துவிட்டது. யார் மீது வழக்குப் போடலாம்? – வாசகர், சேலம்

ப: யார் மீதும் முடியாது. 'இதில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்' என்று தொடங்குமுன்பே திரை சொல்கிறது. படிக்காமல் அடுத்ததை அழுத்தியது நீங்கள். இனி அதில் எதையும் எழுதாதீர்கள். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் கொஞ்சம் மீட்டுத் தரக்கூடும்.

கே: விண்டோஸ் வரவில்லை என்று சர்வீஸுக்குக் கொடுத்தேன். கேட்காமலே ஃபார்மேட் செய்து 2,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள். மூன்று வருட ஆய்வு போயிற்று. – ஆராய்ச்சி மாணவி, மதுரை

ப: வயிறு எரிகிறது, அம்மா. இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்: விண்டோஸ் எழவில்லை என்றால் ஃபைல் போய்விட்டது என்று பொருளில்லை. லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் (விண்டோஸ் போன்றது) ஏற்றிய ஒரு பென்டிரைவிலிருந்து கணினியை எழுப்பினால், டிஸ்க் நன்றாக இருக்கும்வரை உள்ளே உள்ள ஃபோல்டர்கள் தெரியும். டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்கச் சாவியை உங்களிடம் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். வெளி டிஸ்கில் நகல் எடுத்த பிறகு ஃபார்மேட் செய்யட்டும். அந்த அரை நாள் வேலைக்குச் சோம்பித்தான் எடுத்த எடுப்பிலேயே 'ஃபார்மேட்' என்கிறார்கள்.

லேப்டாப்பை இப்போதே அணையுங்கள். பழைய வகை ஹார்ட் டிஸ்க் என்றால் டேட்டா மீட்பவர்களிடம் கொடுத்துப் பார்க்கலாம். எஸ்எஸ்டி (சிப்பில் பதியும் புது வகை டிஸ்க்) என்றால் வாய்ப்பு மிகக் குறைவு. ரசீதையும் ஜாப் ஷீட்டையும் (சர்வீஸுக்கு வாங்கும்போது எழுதும் சீட்டு) பத்திரப்படுத்துங்கள். கேட்காமல் அழித்தது சேவைக் குறைபாடு என்று ஆணையத்தில் வாதாடலாம். மற்றவர்கள் ஜாப் ஷீட்டிலேயே 'கேட்காமல் ஃபார்மேட் செய்யக் கூடாது' என்று கைப்பட எழுதிக் கொடுங்கள்.

கே: இரண்டு வருடம் முன்பு செய்த ரெக்கவரி பென்டிரைவ் பீரோவில் இருக்கிறது. வேலை செய்யும்தானே? – வாசகர், கோவை

ப: செருகிப் பார்த்தீர்களா? டெல், லெனோவோ என்றால் ஆன் செய்ததும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9 தட்டி, பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கீபோர்டு என்று கேட்கும் நீலத் திரை வந்தால் பென்டிரைவ் கணினியை எழுப்புகிறது என்று பொருள். அதோடு அணைத்துவிட்டு, புதிதாக ஒன்று செய்துவையுங்கள். ஆண்டுக்கொரு முறை செய்யச் சொல்லி மைக்ரோசாஃப்டே அறிவுறுத்துகிறது.